மண்வெட்டியார் கட்சி, கையுறை கட்சி

என் சித்தப்பாவுக்கு மனிதர்களைப் பல்லை வைத்துத்தான் தெரியும். உடனே அவரைப் பல் டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் எதிரில் அப்படிச் சொன்னால் உங்களுக்கு அரை மணி நேரம் நஷ்டம். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வார், பசையை அப்பி அளவு எடுப்பார், அனுப்பிவிடுவார். அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு வார்த்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, தேய்த்து, பளபளப்பாக்கி, பல் செட்டாகத் திருப்பி அனுப்புகிறவர் சித்தப்பா. "டாக்டர் துணிக்கடைக்காரர் மாதிரி. நான்தான் தையல்காரன்" என்பார். முப்பது வருஷத்தில் தான் செய்த ஒரு செட்கூடச் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை என்பதைக் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

மூன்றாவது மாடியில் அவர் வீடு, எங்கள் வீட்டுக்கு நேர் மேலே. படுக்கையறையாக இருக்க வேண்டிய பின்னறைதான் பட்டறை. கதவைத் திறந்தால் மாவு மில்லுக்குள் நுழைந்த மாதிரி வெள்ளைத் தூசி. சுவர் முழுக்கப் பலகைகள், பலகை முழுக்கப் பிளாஸ்டர் தாடைகள், ஒவ்வொரு தாடையின் அடியிலும் யாருடையது என்று பென்சில் எழுத்து. இருநூறு வாய்கள் திறந்தபடி இருக்கும், ஒன்றும் பேசாது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஓர் இடம் அது ஒன்றுதான்.

சித்திக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று மைக்கில் சொல்ல வேண்டும். கூண்டுக்குள் அவ்வளவு நிதானமாகப் பேசுகிற சித்தி, வீட்டில் சிரித்தால் கீழே சைக்கிள் பூட்டுகிறவர் நிமிர்ந்து மேலே பார்ப்பார். மேலே நாலு பல், கீழே மூன்று பல், அவ்வளவுதான் மிச்சம் இருந்தது. அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் சிரிக்க முடியுமா என்று வாயை மூடாமல் சிரிப்பார்.

அந்தச் சிரிப்புதான் நாலு மாதமாகக் காணாமல் போயிருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவருவதற்காக சித்தப்பா என்னென்ன செய்தார் என்பதுதான் கதை. என் பங்கும் இதில் கொஞ்சம் இருக்கிறது. வீட்டில் என் பட்டப்பெயர் வாலு என்பதால் நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டிவியில் தோட்ட நிகழ்ச்சி. சித்தப்பா வீட்டில் தோட்டம் என்று பார்த்தால், பால்கனியில் ஒரு தக்காளித் தொட்டி. அதுவும் காய்க்கவில்லை. ஆனாலும் பத்து மணிக்கு சோபாவில் இடம் பிடித்தாக வேண்டும். எதிர் வீட்டு பஸ் டிரைவர் அண்ணன் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வருவார். எங்கள் சோபாவின் ஸ்பிரிங்கோடு அவருக்கு ஒரு பழைய தகராறு. அம்மா என்னைக் கணக்குப் பாடத்தோடு உட்காரவைக்கிற நேரமும் அதே பத்து மணி என்பதால் நானும் தவறாமல் வந்துவிடுவேன்.

பல வருஷமாக அந்த நிகழ்ச்சியை நடத்தியவர் ஒரு வயதானவர். நாங்கள் வைத்த பெயர் மண்வெட்டியார். செடிகளோடு உறவுமுறை சொல்லிப் பேசுவார். பூசணியைப் பார்த்து, "மாப்ளே, வந்த நாள்லேருந்து படுத்தே கெடக்கறீங்களே, கொஞ்சம் அந்தப் பக்கமாவது திரும்பிப் படுங்க" என்பார். பிறகு சேனல்காரர்கள் ஓர் இளம்பெண்ணையும் சேர்த்து, ஒரு வாரம் அவர், ஒரு வாரம் இவள் என்று ஆக்கினார்கள். அவள் மண்ணைத் தொட்டாலும் அவளுடைய வெள்ளைக் கையுறையை மண் தொடாது. மண்ணில் ஒரு கருவியைக் குத்தி எண் படிப்பாள். எருக்குழிக்கும் காய்ச்சல் பார்ப்பாள். அவள் பெயர் கையுறை.

அன்றிலிருந்து ஹாலில் இரண்டு கட்சி.

சித்தப்பா மண்வெட்டியார் கட்சி. "மேல் வரிசையில ஒரு பல் முன்னாடி வந்திருக்கு பாத்தியா? அது சொந்தப் பல்லு. சொந்தப் பல்லோட சிரிக்கிற மனுஷன் பொய் சொல்ல மாட்டான். அந்தப் பொண்ணு பல்லு அளவெடுத்து அடுக்கின மாதிரி இருக்கு. எனக்கு நம்பிக்கையில்ல."

"உங்க தொழிலே அளவெடுத்து அடுக்கறதுதானே" என்று டிரைவர் அண்ணன் கேட்பார். அவர் கையுறை கட்சி. காரணம் வேறு. "தள்ளுவண்டியைப் பின்னாடி எடுக்கறப்ப அந்தாளு திரும்பியே பாக்கறதில்ல. கையுறை ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் எடுக்குது. அந்தப் பொண்ணுக்குக் கண்ண மூடிட்டு லைசென்ஸ் குடுக்கலாம்."

ஒருநாள் என்னை இழுத்துக்கொண்டு போக வந்த அம்மா, ஐந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு இரண்டு பேரையும் தள்ளுபடி செய்தார். "இவ்வளவு மண்ணு வீட்டுக்குள்ள வருதே, கடைசியில கூட்டறது யாருன்னு காட்டட்டும். அவங்கதான் நிகழ்ச்சி நடத்தணும்."

இவர்கள் என்ன சொன்னாலும் சித்தப்பாவுக்குக் கவலையில்லை. சித்தி கட்சி மாறியதுதான் அவரைச் சாய்த்துவிட்டது. மண்வெட்டியார் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கத் தொடங்குகிறவர் சித்தி. அவர், திடீரென்று ஒரு ஞாயிறு, "எனக்கு அந்தப் பொண்ணுதான் பிடிச்சிருக்கு. பேச்சு தெளிவா இருக்கு" என்று உதட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு சொன்னார். அடுத்த மண்வெட்டியார் வாரத்தில், அலமாரியில் துணி மடிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். சித்தி துணி மடித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"என்ன செஞ்சுட்டா பாரு" என்றார் சித்தப்பா என்னிடம். "அந்தப் பொண்ணு வந்து நம்ம வீட்டுச் சிரிப்பையே நிறுத்திட்டா."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கையுறை வந்த அதே சமயத்தில்தான் டாக்டர் சித்தியின் மிச்சப் பற்களை எடுத்திருந்தார். ஈறு ஆறியதும் செட்டுக்கு அளவு எடுக்க வரச் சொன்னார். சித்தப்பா விடவில்லை. "முப்பது வருஷமா ஊருக்கே பல்லு செஞ்சவன், என் வீட்டம்மாவுக்கு வெளியாளை விட்டு அளவு எடுக்கறதா?" ஒரு ஞாயிறு காலை, ஹாலிலேயே, சோபாவிலேயே, டிவி ஓட ஓட, மேல்தாடையை முடித்துவிட்டுக் கீழ்த்தாடைக்கு அளவு எடுத்தார். பசையோடு தட்டு வாய்க்குள் போனால் மூன்று நிமிஷம் ஆடக்கூடாது, அசையக்கூடாது. இரண்டாவது நிமிஷத்தில் மண்வெட்டியார் அந்தப் பூசணி மாப்பிள்ளையிடம் பேச ஆரம்பித்தார். சித்தியின் தோள் குலுங்கியது. மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டிரைவர் அண்ணன் தொடையைத் தட்டினார். சித்தப்பாவே ஒரு கையால் சித்தியின் தாடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணைத் துடைத்தார். கடைசியில் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, "அருமையா வந்திருக்கு" என்றார். அந்த வாரமே செட் தயார். அழகு என்றால் அப்படி அழகு. எங்கள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியைக்குக்கூட அப்படிப் பல் கிடையாது.

அதற்குப் பிறகு சித்தி ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். ஆப்பிளைத் துருவிச் சாப்பிட்டார். டிரைவர் அண்ணன் ஒருநாள், "நிலையத்துல மைக் ரிப்பேருன்னு நினைக்கறேன். நீங்க பேசறப்ப நடுவுல கடக்கு கடக்குன்னு கேக்குது" என்றார். சித்தி, "ஆமா, பழைய மைக்" என்றார். சித்தப்பா அக்கறையாக, "எழுதிப் போடு, மாத்தித் தருவாங்க" என்றார். மண்வெட்டியாரின் பல்லில் ஈறு கால் அங்குலம் இறங்கியிருப்பதை டிவியில் கண்டுபிடிக்கிற மனுஷன் அவர். பக்கத்தில் இருக்கிற வாய்க்கு அவர் பார்வை வரவில்லை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கடிதம் எழுதச் சொன்னார். நிகழ்ச்சியில் நேயர் கடிதம் என்று ஒரு பகுதி உண்டு. நிறையப் பேர் எதிர்த்தால் கையுறையை நிறுத்திவிடுவார்கள், அவள் போனால் சித்தி பழையபடி ஆகிவிடுவாள், இதுதான் அவர் திட்டம். ஐந்து கடிதம், ஐந்து ஆள்.

"ஒவ்வொண்ணும் வேற வேற ஆள் எழுதின மாதிரி இருக்கணும்" என்றார்.

"கையெழுத்து ஒண்ணுதானே சித்தப்பா?"

"நீ எழுதற ஒரு கடிதத்துலயே நாலு விதமாத்தான் இருக்கும். எழுது."

ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், நர்ஸ் ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் மாணவர் ஒருவர் என்று ஐந்து பேரையும் உருவாக்கினோம். ஐந்து பேரும் கையுறையின் பல் வரிசையைப் பற்றியே எழுதியிருந்தார்கள். நீதிபதிக்குக் கடைவாய்ப்பல் வரைக்கும் தெரிந்திருந்தது. நான் எச்சரித்தேன். கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, கையுறை வாரத்தில், அவள் ஒரு காகிதத்தைப் பிரித்து அதே நிதானக் குரலில் படித்தாள். "என் முன்வரிசைப் பற்களை நம்பமுடியவில்லை, குறிப்பாக இடப்பக்க இரண்டாவது பல்லை, என்று ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் எழுதியிருக்கிறார். நன்றி. அடுத்து, இலைப்புள்ளி நோய்."

டிரைவர் அண்ணன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அன்றைக்கு அவருக்கு விடுமுறை.

சித்தி திரும்பி சித்தப்பாவைப் பார்த்தார். "நீதிபதி ஐயா" என்றார் மெதுவாக. "வேலை பாக்கற ஒரு பொண்ணு. அவ வாயைப் பத்தி எழுதறதுக்கு உங்களுக்கு எப்படி மனசு வந்துது?"

"நான் எங்க எழுதினேன்? இந்த வாலுதான்..."

"வாலுக்குக் கடைவாய்ப்பல்லுன்னா என்னன்னு தெரியுமா?"

எனக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒரு வாரம் அந்த வீட்டில் பேச்சு என் வழியாகத்தான் நடந்தது. "வாலு, சாப்பாடு மேசையில இருக்குன்னு சொல்லு." "வாலு, எனக்குப் பசியில்லன்னு சொல்லு." "வாலு, பசியில்லாதவங்க எதுக்கு மூடியைத் தெறந்து பாத்தாங்கன்னு கேளு." நான் பள்ளிக்கூடத்திலேயே இவ்வளவு உழைத்ததில்லை. சித்தப்பா பட்டறையில் மோட்டாரைப் போட்டுவிட்டு எதையும் தேய்க்காமல் உட்கார்ந்திருந்தார். சித்தி கூண்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மண்வெட்டியார் போன முறையே சொல்லியிருந்தார்: அடுத்த தடவை எல்லோரும் தக்காளித் தொட்டியை டிவி முன்னால் கொண்டுவந்து வையுங்கள், சேர்ந்து வேரைப் பார்ப்போம். சனிக்கிழமை சாயங்காலம் நான் பட்டறைக்குள் நுழைந்து பலகையிலிருந்து ஒரு தாடையை எடுத்து, தக்காளித் தொட்டிக்குள் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, தண்ணீர் ஊற்றி வைத்தேன். யாருடைய தாடை என்று பார்க்கவில்லை. கைக்கு எட்டியதை எடுத்தேன். சித்தப்பா அலறினால் சித்தியால் சும்மா இருக்க முடியாது என்று ஒரு கணக்கு.

ஞாயிறு பத்து மணி. ஹாலில் பழைய செய்தித்தாள் விரித்து, தொட்டியை நடுவில் வைத்து, சித்தப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக இருந்தார். சித்தி வழக்கம்போல எழுந்து போகப் பார்த்தார். "சித்தி, ஒரு அஞ்சு நிமிஷம், எனக்காக" என்று நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். டிரைவர் அண்ணன் வந்தார், நாற்காலியோடு.

"கையை உள்ள விடுங்க" என்றார் மண்வெட்டியார் டிவியில். "பயப்படாதீங்க. வேரு நல்லா இருந்தா அதுவே கையைப் பிடிக்கும்."

சித்தப்பா கையை விட்டார். அவர் முகம் மாறியது.

"பிடிக்குதா?" என்றார் மண்வெட்டியார்.

"பிடிக்குது" என்றார் சித்தப்பா, டிவியிடம். இழுத்தார். செம்மண் ஒழுக ஒழுக ஒரு கீழ்த்தாடை அவர் விரல்களைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. அலறவில்லை. அதற்கும் மேலே போய்விட்டார். வாய் மட்டும் திறந்து நின்றது.

"உள்ள நெளியறதைப் பாத்துப் பயந்துட்டீங்களா?" என்றார் மண்வெட்டியார், ஒரு மண்புழுவைத் தூக்கிக் காட்டி. "நம்ம சொந்தக்காரங்கதான். நலம் விசாரிச்சு உள்ளயே விட்ருங்க."

சித்தியிடமிருந்து முதலில் மூக்குச் சத்தம் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு நாலு மாதச் சிரிப்பும் ஒன்றாகத் திறந்துகொண்டது. கீழே சைக்கிள் பூட்டுகிறவர் கட்டாயம் நிமிர்ந்திருப்பார். அந்தச் சிரிப்பின் நடுவில் சித்தியின் கீழ்ப்பல் செட் கிளம்பி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, நேராகத் தக்காளித் தொட்டிக்குள் விழுந்தது.

டிரைவர் அண்ணன் எழுந்து நின்றார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

சித்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சித்தப்பா தொட்டியைப் பார்த்தார். அதில் பளபளவென்று அவருடைய வேலை. கையில் இருந்த தாடையைத் திருப்பினார். அடியில் அவருடைய எழுத்தில், "வீட்டம்மா". மறுபடி மேல் பக்கம் திருப்பினார். வெள்ளைப் பிளாஸ்டரில் வெள்ளையாக மறைந்து கிடந்த ஒரு கோடு, ஈரமண் போய் அடைத்துக்கொண்டதால் இப்போது சிவப்பாகத் தெரிந்தது. கடைவாயிலிருந்து கடைவாய் வரைக்கும் ஓர் அலை. பசை இறுகும்போது வாய் அசைந்தால் விழுகிற இழுப்பு அது. அடுத்தவர் அனுப்பிய அளவில் அந்த மாதிரி ஒன்று இருந்தால் சித்தப்பா அன்றைக்கு முழுக்க டாக்டரைத் திட்டுவார்.

"பூசணி மாப்ளே" என்றார் சித்தப்பா.

பிறகு சித்தியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "வாயைக் காட்டு."

"வேண்டாங்க."

"காட்டு."

சித்தி கையை எடுத்தார். ஈறு இரண்டு இடத்தில் சிவந்து, ஓர் இடத்தில் புண்ணாகியே இருந்தது. சித்தப்பா நெடுநேரம் பார்த்தார்.

"ஏன் சொல்லல?"

"ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கீங்க" என்றார் சித்தி. "நானா முதல் ஆளா வந்து நிக்கறது?"

"அப்ப அந்தக் கையுறை?"

"அந்தப் பொண்ணு ஒரு தடவைகூடச் சிரிக்க வைக்க மாட்டா. நிம்மதியா வாயை மூடிட்டுப் பாக்கலாம். உங்க மண்வெட்டியார் வாயைத் தெறந்தா எனக்குப் பல்லு கழண்டு வருது. என்னை என்ன செய்யச் சொல்றீங்க? துணியை எத்தனை தடவைதான் மடிக்கறது?"

டிரைவர் அண்ணன், "அப்ப மைக் நல்லாத்தான் இருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். தாடை எப்படித் தொட்டிக்குள் போனது என்ற கேள்வி அவர் முகத்தில் பாதி வரைக்கும் வந்தது. பிறகு திரும்பிப் போய்விட்டது. தாடையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். அதைக் கழுவவில்லை. மோட்டார் பக்கத்தில், கண்ணுக்கு நேராக வைத்தார்.

சித்தி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கையுறையிடம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும். சித்தப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்தத் தடவை நீதிபதி வரவில்லை. பல் செட் செய்கிறவன் என்றே போட்டார். "என் வீட்டு வாயை விட்டு மற்றவர் வாயைப் பார்த்தது என் தவறு" என்று ஒரு வரி. அது அவர் சொன்னதில்லை, நான் சேர்த்தது. படித்துப் பார்த்துவிட்டு, அடிக்காமல் விட்டார்.

ஈறு ஆறியது. மறுபடி அளவு எடுக்கச் சித்தப்பா கவனமாக நாள் பார்த்தார். "கையுறை வர்ற ஞாயிறு எடுக்கலாம். அன்னிக்குத்தான் பத்திரம்." டாக்டரையே வைத்து எடுக்கலாமே என்று டிரைவர் அண்ணன் கேட்டதற்கு, தப்புச் செய்தவனே திருத்த வேண்டும் என்றார்.

தட்டு வாய்க்குள் போனது. சித்தி பொம்மை மாதிரி உட்கார்ந்தார். சித்தப்பா தாடையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். கையுறை எருக்குழிக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அப்போது அவள் ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"என் பற்களைப் பற்றி எழுதிய நேயர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவர் பல் செட் செய்கிறவராம். பரவாயில்லை ஐயா." கொஞ்சம் நிறுத்தினாள். "இடப்பக்க இரண்டாவது பல், சைக்கிளிலிருந்து விழுந்த பிறகு வைத்தது. இத்தனை வருஷத்தில் கண்டுபிடித்தவர் நீங்கள் ஒருவர்தான். என் அம்மாவுக்கே தெரியாது." இன்னும் கொஞ்சம் நிறுத்தினாள். "இப்போது தெரிந்துவிட்டது. அடுத்து, எரு."

சித்தப்பா, "நான் சொல்லல? நான் சொல்லல?" என்று எழுந்தே விட்டார். சித்தியின் மூக்கிலிருந்து சத்தம் வந்தது. தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. டிரைவர் அண்ணன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார், திரும்பிப் பார்க்காமலேயே.

சித்தப்பா தட்டை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அவர் அதைக் குப்பைக் கூடையில் போட்டார்.

"வாலு" என்றார். "டிவியை அணை. புதுசாப் பசை கலக்கணும். நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. உன் மூஞ்சியைப் பாத்தாலே அவளுக்குச் சிரிப்பு வருது."

சுவரைப் பார்த்துக்கொண்டு மூன்று நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் சும்மா இருந்த மூன்று நிமிஷம் அவ்வளவுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சித்தி துணி மடிப்பதில்லை. கட்சி மட்டும் மாறவில்லை, கையுறைதான். பிடிவாதமாம். சித்தப்பாவும் மண்வெட்டியாரை விடவில்லை. ஆனால் புது ஆள் யாராவது பட்டறைக்கு வந்தால், மோட்டார் பக்கத்தில் மண் அப்பிக் கிடக்கும் அந்தத் தாடையை எடுத்துக் காட்டி, "முப்பது வருஷத்துல திரும்பி வந்தது ஒண்ணே ஒண்ணு" என்று ஆரம்பிக்கிறார். அரை மணி நேரம் ஆகிறது.